பழைய நண்பர்களோடு முக்கொம்பில் ஒரு பகல்

பள்ளித் தோழர்கள் ஐம்பது வயதுக்குப் பிறகு ஒன்றுசேர்ந்து எங்காவது போக வேண்டுமென்றால், போகும் இடம் பக்கத்தில் இருப்பதும், அங்கே பார்க்க வேண்டியவை குறைவாக இருப்பதும் மிக நல்லது. திருச்சியில் படித்த நாங்கள் எட்டுப் பேர் முதன்முறை கூடியபோது, வேன் அமர்த்தி ஒரே நாளில் ஐந்து கோயில்களுக்குப் போனோம். செருப்பைக் கழற்றி மாட்டுவதிலும், வரிசையில் நிற்பதிலும், அடுத்த கோயிலில் நடை சாத்துவதற்குள் ஓடுவதிலும் பொழுது போய்விட, பல ஆண்டுகளாகப் பார்க்காதவனிடம் "எப்படிடா இருக்கே?" என்று கேட்டதற்கு மேல் பேச வாய்க்கவில்லை. அதன்பின் நாங்கள் முக்கொம்புக்கு மட்டுமே போகிறோம்.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கரூர் சாலையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம் அது. 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையும், மரநிழலும், உட்கார்ந்து பேச இடமும் இருக்கின்றன, வேறென்ன வேண்டும்? வாடகை வண்டியைவிட நகரப் பேருந்தே சிறந்தது என்பேன். வாழைத் தோட்டங்களைப் பார்த்தபடி ஜீயபுரத்தைக் கடப்பதற்குள் பாதிப் பேருக்குப் பழைய பட்டப்பெயர்கள் நினைவுக்கு வந்துவிடும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மேட்டூரில் இருப்பு போதுமான ஆண்டுகளில், வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். ஆகவே, பொங்கலுக்கு வெளியூர்க்காரர்கள் ஊர் திரும்பியிருக்கும் தை முதல் வாரத்தில் ஆற்றிலும் நீர் இருக்கும், வெயிலும் உறைக்காது. காணும் பொங்கலன்றும் ஆடிப்பெருக்கன்றும் மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. வாட்ஸ்அப் குழுவில் "எந்த நாள் வசதி?" என்று கேட்டால் ஒருபோதும் முடிவு வராது. இரண்டு பேர் கலந்து நாளைக் குறித்துவிட்டு, மற்ற ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் அழைப்புக்காகவே காத்திருக்கிறார்கள்.

செலவைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற அதிகாரி, ஒருவர் இன்றும் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து பிழைப்பவர். யாருக்குச் செலவு பாரமாக இருக்குமோ, அவரால் முகம் சுளிக்காமல் தர முடிகிற தொகைதான் எல்லோருக்கும் உரிய தொகை. வசதியுள்ளவர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வந்தாலும் அன்போடு மறுத்துவிடுங்கள். இன்னொருவர் செலவில் போய்வந்தவர், அடுத்த முறை ஏதாவது காரணம் சொல்லி நின்றுவிடுவார்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. புளியோதரை நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறியிருந்தால் மாலைவரை கெடாது. தயிர்சாதத்துக்கு, சாதத்தைச் சூட்டோடு குழைய மசித்து, காய்ச்சிய பாலை ஊற்றித் தளர்த்தி, நன்றாக ஆறியபின் ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் போதும். பகல் ஒரு மணிக்குத் திறக்கும்போது புளிப்பில்லாமல், பதமாக உறைந்திருக்கும். தொட்டுக்கொள்ள வடுமாங்காய். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருப்பார்கள் என்பதால் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. இலைகளையும் பாட்டில்களையும் திரும்ப எடுத்துவர ஒரு பையும் கொண்டுபோங்கள்.

ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். சிறுவயதில் குளித்த துறைதானே என்ற நினைப்பு ஆபத்தானது. மேலே அமைதியாகத் தெரிகிற நீருக்கு அடியில் பள்ளமும் சுழலும் இருக்கும்.

போய்ச் சேர்ந்தபின் எந்த நிகழ்ச்சியும் வைக்க வேண்டாம். விளையாட்டு, உரை, பொன்னாடை எதுவும் தேவையில்லை. ஒரு பக்கக் காது மட்டும் கேளாத நண்பர் இருந்தால், அவருடைய கேட்கும் காது மற்றவர்கள் பக்கம் இருக்குமாறு உட்காருங்கள். நாங்கள் சிறுவர்களாக நடந்து திரிந்த, மேலணையின் கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்டில் மதகுகளோடு உடைந்து விழுந்தது. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எங்களுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். சென்ற தை மாதத்தில், மனைவியை இழந்த நண்பர் ஒருவர் அந்தப் பேச்சின் நடுவே எழுந்து தடுப்புச் சுவரருகே போய் நின்றார். தையற்கார நண்பர் மட்டும் பின்னால் போய், எதுவும் கேட்காமல் பக்கத்தில் நின்றார். அரை மணி கழித்து இருவரும் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்கள். அப்படிப்பட்ட அரை மணி கிடைக்குமளவுக்குப் பொழுதைக் காலியாக விட்டுவையுங்கள்.

இருட்டுமுன் கிளம்பிவிடுங்கள். சத்திரத்தில் இறங்கி ஆளுக்கொரு பேருந்து ஏறுமுன், அடுத்த சந்திப்புக்கான நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வர முடியாமல் போனவரை மறுநாள் காலையில் ஒருவர் அழைத்து, யார் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டோம், அவரைப் பற்றி என்ன பேசினோம் என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.