படிகவியலுக்கு நிரல் எழுத ஆள் தயார் செய்வது எப்படி

படிகவியலில், அதாவது எக்ஸ் கதிரைப் படிகத்தின் மேல் விட்டு உள்ளே அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் துறையில், இன்று ஓடும் புரோகிராம்களில் பலவும் ஒருவரோ இருவரோ வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதியவை. அணு அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ஷெல்எக்ஸ் 1970களிலிருந்து பெரும்பாலும் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்ற ஒரே மனிதர் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல் மொழியில் வளர்த்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பிறகு அந்த நிரலுக்குள் கைவைக்க ஆள் வேண்டுமே, அதைத்தான் நாம் தயார் செய்யப்போகிறோம். பைத்தான் வகுப்பு ஒன்று போட்டுவிட்டு, அப்புறம் படிகவியல் தனியாகப் படி என்றால் நடக்காது, இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துக் கற்றுத்தர வேண்டும்.

முதல் வேலையாக உப்பைக் கொடுங்கள், சாப்பாட்டு உப்புதான். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டியின், அதாவது செல்லின், நீளம் 5.64 ஆங்ஸ்ட்ராம். எந்த நூலகத்தையும் இறக்காமல் ஸ்ட்ரக்சர் ஃபாக்டரை, அதாவது எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் அலைக்கும் உள்ள வீச்சையும் கட்டத்தையும் (ஃபேஸ்), கணக்கிடும் நிரலைத் தானே எழுதட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. ஒவ்வொரு புள்ளிக்கும் அடையாளமான எச், கே, எல் என்ற மூன்று முழு எண்களிலும் ஒற்றையும் இரட்டையும் கலந்து வந்தால் விடை பூஜ்யம், எல்லாம் இரட்டை என்றால் பலமான புள்ளி, எல்லாம் ஒற்றை என்றால் மங்கலான புள்ளி. பூஜ்யத்துக்குப் பதில் பத்தின் மைனஸ் பதினைந்தாம் அடுக்கு மாதிரி ஒரு எண் வந்து நிற்கும், "பூஜ்யத்துக்குச் சமமா" என்று நிரலில் கேட்பது ஏன் தப்பு என்பதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. சரி, இப்போது சோடியத்தை எடுத்துவிட்டுப் பொட்டாசியத்தைப் போடச் சொல்லுங்கள். எச், கே, எல் மூன்றும் 1 ஆன 111 புள்ளி கிட்டத்தட்டக் காணாமல் போகும், ஏனென்றால் பொட்டாசிய அயனிக்கும் குளோரைடு அயனிக்கும் ஆளுக்கு 18 எலக்ட்ரான். எக்ஸ் கதிர்ப் படிகவியலின் முன்னோடி பிராக் 1913இல் பார்த்த அதே விஷயம். அது ஏன் மறைந்தது என்று விளக்கத் தெரிந்தவரை மட்டும் அடுத்த வேலைக்கு அனுப்புங்கள்.

டெஸ்ட் எழுதுவதையும் இங்கேயே பழக்குங்கள். அணுக்களை எல்லாம் ஒரே அளவு நகர்த்தினால் கட்டம் மாறலாம், வீச்சு மாறக்கூடாது. அனாமலஸ் சிதறல், அதாவது சில அணுக்கள் எக்ஸ் கதிரை வழக்கத்துக்கு மாறாகச் சிதறடிப்பது, இல்லாதவரை எச்கேஎல்லுக்கும் அதன் எதிர்க்குறி ஜோடிக்கும் ஒரே வீச்சு. ஆனால் இவை எல்லாப் பிழையையும் பிடிக்காது. அமெரிக்காவில் ஓர் ஆய்வகம் தானே எழுதிய டேட்டா புரோகிராம் இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் படித்ததால் புரதங்களின் அமைப்பு வலக்கை இடக்கையானது மாதிரி கண்ணாடி பிம்பமாக மாறிப்போய், 2006 டிசம்பரில் அது வெளியே தெரியவந்து ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எல்-சிஸ்டீன் மாதிரி, அனாமலஸ் சிதறலைத் தரும் கந்தகமும் இருந்து, இடக்கையா வலக்கையா என்பதும் தெரிந்த ஒரு படிகத்தை நிரந்தர டெஸ்ட்டாக வைத்திருந்தால் அந்த மாதிரித் தவறு அன்றே மாட்டும்.

அடுத்தது ஃபைல்கள். உண்மையில் நேரம் போவது இங்கேதான். ஷெல்எக்ஸின் எச்கேஎல் ஃபைலில் முதல் மூன்று எண்களுக்கு நான்கு நான்கு இடம், அடுத்த இரண்டுக்கு, அதாவது செறிவுக்கும் (புள்ளியின் பலம்) அதன் பிழை அளவுக்கும், எட்டு எட்டு இடம், நடுவில் இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. எல் 3 ஆகவும் செறிவு 99999.99 ஆகவும் இருந்தால் வரியில் 399999.99 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். இடைவெளியை வைத்து வெட்டும் நிரல் ஒன்று விழுந்துவிடும், இல்லையென்றால் சத்தமில்லாமல் தப்பான எண்ணைக் கொடுக்கும், இரண்டாவதுதான் ஆபத்து. படிக அமைப்பைப் பதியும் பொது ஃபைல் வடிவமான சிஐஎஃப்பில் 5.6402(3) என்று பிழை அளவு அடைப்புக்குள் வரும், கேள்விக்குறி என்றால் தெரியாது, புள்ளி என்றால் பொருந்தாது. பி21/சி, பி21/என் இரண்டுமே 14ஆம் எண் இடக்குழு (படிகத்தின் சமச்சீர் வகை), அச்சுகள்தான் வேறு. எண்ணை மட்டும் நம்பினால் சமச்சீர் குளறுபடியாகும்.

புரதப் பக்கம் போகிறவருக்கு ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963இல் சென்னையில் போட்ட ஃபை-சை படத்தை, அதாவது புரதச் சங்கிலி முறுக்கும் இரண்டு கோணங்களின் படத்தை, வரையச் சொல்லுங்கள். இன்றைக்கும் புரத அமைப்பைச் சரிபார்க்க அதைத்தான் பார்க்கிறோம், கோணத்தின் குறி மாறினால் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

இதெல்லாம் கைவந்த பிறகு சிசிடிபிஎக்ஸ், கெம்மி மாதிரித் திறந்த நூலகங்களுக்குள் இறக்கிவிடுங்கள். முதலில் படிக்கட்டும், அப்புறம் விடுபட்ட டெஸ்ட் ஒன்றைச் சேர்க்கட்டும். பழைய ஃபோர்ட்ரானைப் பார்த்ததும் "மொத்தமாகத் திருப்பி எழுதிவிடலாம் சார்" என்பார்கள், விடாதீர்கள். முதலில் பைத்தானிலிருந்து அதைக் கூப்பிட வழி செய்து, பழைய விடைகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சப்ரூட்டீனாக மாற்றட்டும்.

கடைசியாகப் பேப்பர். நிரல் எழுதுகிறவர் பெயரை நன்றியுரையில் தள்ளிவிட்டால் இரண்டே வருடத்தில் ஐடி கம்பெனிக்குப் போய்விடுவார். ஷெல்எக்ஸ் பற்றி ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒரே கட்டுரைக்கு வந்த மேற்கோள்களால், அதை வெளியிட்ட இதழின் தாக்கக் காரணி (ஒரு கட்டுரைக்குச் சராசரியாக வரும் மேற்கோள்) 2ஐ ஒட்டி இருந்தது, அடுத்த ஆண்டு 50 பக்கம் போனது. ஜர்னல் ஆஃப் அப்ளைட் கிரிஸ்டலோகிராஃபி நிரல்களுக்கென்றே கட்டுரை வாங்குகிறது. முதல் பெயர் அவருடையதாகவே போகட்டும்.