கல்யாணப்பொண்ணோடு கொடைக்கானல் வரும் தோழிகள்: கூட்டிவருகிறவள் முன்கூட்டியே செய்யவேண்டியவை

வில்பட்டி போகிற வழியில் எங்கள் வீடு. நாலு அறையை வாடகைக்கு விட்டு, சமையலையும் நானே பார்த்துக்கொண்டு ஒன்பது வருடம் ஆகிறது. மார்கழியிலும் ஆடியிலும் நம்மில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் தையிலும் ஆவணியிலும் தாலிக்குக் கழுத்தை நீட்டப்போகிற பொண்ணுகளைத் தோழிகள் மலைக்குக் கூட்டிவருவது மார்கழியிலும் ஆடியிலும்தான் அதிகம். ஆறு பேர், ஏழு பேர், இரண்டு ராத்திரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டும் கூத்துமாக வண்டியிலிருந்து இறங்குவார்கள். சனிக்கிழமை காலை டிஃபனுக்கு ஒருத்தி மட்டும் வரமாட்டாள். "தலைவலி அக்கா, அப்புறமா சாப்பிடுறேன்" என்பாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால் கண் இரண்டும் வீங்கியிருக்கும்.

யாரும் யாரையும் திட்டியிருக்கமாட்டார்கள். சண்டை என்று சொல்ல ஒன்றுமே நடந்திருக்காது. ஆனால் ஒரு கல்யாணம் நெருங்கும்போது, "இவளுக்கு நான் யாரு? இனிமே யாரா இருப்பேன்?" என்ற கேள்வி கூட இருக்கிற ஒவ்வொருத்திக்கும் வருகிறது. அதை வாய்விட்டுக் கேட்க முடியாது. அது காசாக, மெத்தையாக, போட்டோவாக வெளியே வரும். எல்லாரையும் கூட்டிவருகிற பொறுப்பு உங்களுடையது என்றால், இதில் பாதியைக் கிளம்புவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம்.

காசைத் தனியாகக் கேளுங்கள்

குரூப்பில் "தலைக்கு இவ்வளவு, ஓகேவா?" என்று போட்டால் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்குவார்கள். அது சம்மதம் இல்லை, கூச்சம். ஒவ்வொருத்திக்கும் போன் போட்டு, "எவ்வளவு வரைக்கும் உனக்குச் சிரமம் இல்லாம இருக்கும்?" என்று கேளுங்கள். வந்த பதில்களில் எது குறைவோ அதை வைத்துத் திட்டம் போடுங்கள். அது யார் சொன்னது என்பது உங்களோடு போகட்டும்.

கல்யாணப்பொண்ணின் பங்கை மற்றவர்கள் ஏற்பதாக இருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏழு பேருக்கு மொத்தம் 42,000 ரூபாய் என்றால் தலைக்கு 6,000. பொண்ணை விட்டுவிட்டால் 7,000. அந்த ஆயிரம் கடைசி நாள் காலையில் தெரியவந்தபோது, பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்த ஒரு பொண்ணை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எல்லாரும் ஒரே மாதிரி சேலை எடுப்பதும் அப்படித்தான். நிறத்தை மட்டும் சொல்லுங்கள். வீட்டில் இருப்பதைக் கட்டிக்கொண்டு வரட்டும்.

தரை மெத்தை யாருக்கு?

பெரும்பாலான ஹோம்ஸ்டேக்களில் ஒரு அறைக்கு இரண்டு பேர் கணக்கு. மூன்றாவது ஆளுக்குத் தரையில் மெத்தை போடுவோம். கீழே மதுரையில், திண்டுக்கல்லில் தரையில் படுத்தால் சுகமாக இருக்கும். இங்கே மார்கழியில் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும். சிமெண்ட் தரையின் ஜில்லிப்பு மெத்தையைத் தாண்டி முதுகுக்கு ஏறும். நான் இரண்டு கம்பளியைக் கீழே விரித்துத்தான் மெத்தை போடுகிறேன், அப்படியும் குளிரும்.

வந்து இறங்கியதும் "நான் இவகூட", "நான் இந்த ரூம்" என்று பைகளைக் கட்டில்மேல் எறிவார்கள். அந்த அஞ்சு நிமிஷத்தில் ஒருத்தி மட்டும் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நடுவில் நிற்பாள். கடைசியில் "எனக்குத் தரையே போதும்ப்பா, நான் எங்க வேணா தூங்குவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். யாரும் மறுத்துச் சொல்லமாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் தன் இடம் எது என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துபோகிறது. நேற்றுவரைக்கும் அவள் அதைச் சந்தேகப்பட்டுத்தான் இருப்பாள்.

அதனால் கிளம்புவதற்கு முன்பே யார் எங்கே படுப்பது என்று எழுதிவிடுங்கள். தரை மெத்தையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ராத்திரிக்கு ஒருத்தி என்று மாற்றிவிடுங்கள். பழைய ஜோடிகளை அப்படியே ஒரே அறையில் போடாதீர்கள். பொண்ணோடு ஒரே அறையில் யார் என்பதுதான் எல்லாரும் கவனிக்கிற இடம். முதல் ராத்திரி ஒருத்தி, இரண்டாவது ராத்திரி இன்னொருத்தி என்று வையுங்கள். குளிக்கிற வரிசையையும் சொல்லிவிடுங்கள். எங்கள் கீசரில் மூன்றாவது ஆளுக்கு வெந்நீர் வர அரைமணி நேரம் ஆகும். தினமும் கடைசியில் குளிப்பவள் ஒரே ஆளாக இருக்கக்கூடாது.

சேதி யாருக்கு எப்படிப் போனது?

போன வருடம் மார்கழியில் ஒருநாள் விடியற்காலை அஞ்சரை மணிக்கு ஒரு பொண்ணு சமையலறைக்கு வந்து, "நானும் எதாவது செய்யட்டுமா அக்கா" என்று நின்றாள். பூம்பாறைப் பூண்டு ஒரு கிண்ணம் கொடுத்தேன். மலைப்பூண்டுக்குத் தோல் லேசில் வராது. காரம் விரலில் ஏறும். கால்மணி நேரம் பேசாமல் உரித்தாள். அப்புறம், "நிச்சயம் ஆனதை நான் ஸ்டேட்டஸ்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன் அக்கா. ஹாஸ்டல்ல நாலு வருஷம் ஒரே ரூம்" என்றாள். பூண்டு உரித்த கையால் கண்ணைத் துடைக்கப் போனாள். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

எனக்கு அது புதுசு இல்லை. வத்தலக்குண்டில் என் கல்யாணத்தின்போது, அஞ்சாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவளுக்கு நான் நேரில் போய்ச் சொல்லவில்லை. பத்திரிகையை என் தம்பி கையில் கொடுத்துவிட்டேன். அவள் வந்தாள், சாப்பிட்டாள், மொய் எழுதினாள். அதோடு சரி. அவள் வீட்டு வாசலுக்கு நான் ஏன் போகவில்லை என்று யோசிக்காத நாள் குறைவு. வேலை நிறைய இருந்தது என்பது மட்டும்தான் காரணம்.

ஆகவே மலைக்கு வருகிற தேதியைக் குறிக்கும் முன் பொண்ணிடம் ஒன்றைக் கேளுங்கள்: "யார் யாருக்கு நீயே வாயால சொன்ன?" விடுபட்டவர்களுக்கு அவளே போன் செய்யட்டும். சாக்குச் சொல்ல வேண்டாம். "உன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும், சொல்லல, தப்புதான்" என்றால் போதும். அந்த ஒரு போன் வராமல் மலையேறி வருகிறவள் எங்கள் வீட்டில் இரண்டு நாளும் சிரித்துக்கொண்டே இருப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

வழியில்

சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் இந்த நடைமுறை. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. மீறிக் கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. "நான்தான் சொன்னேன்ல, யாரு வாங்கினது?" என்று சோதனைச் சாவடியிலேயே முதல் மனக்கசப்பு ஆரம்பித்த கதை இரண்டு முறை என் காதுக்கு வந்திருக்கிறது. இ-பாஸ் ஒருத்தி, தண்ணீர் கேன் ஒருத்தி என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருகிறவளை முன் சீட்டில் உட்காரவையுங்கள்.

மெஹந்தி ராத்திரி

இதுதான் நான் ரொம்பவும் பயப்படுகிற நேரம். பொண்ணுக்கு இரண்டு கையும் முழங்கை வரைக்கும் மெஹந்தி. குளிரில் அது காயவே காயாது, நிறமும் ஏறாது. சூடு பட்டால்தான் சிவக்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டு வரைக்கும் அவள் கையைத் தூக்கிக்கொண்டு கணப்படுப்புப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பசிக்கும். யாராவது ஊட்டவேண்டும்.

ஒரு குழுவில் பள்ளித் தோழி ஒருத்தி, ஆபீஸ் தோழி ஒருத்தி. பள்ளித் தோழி என்னிடம் வந்து ரசம் சாதம் வாங்கி, உருளைக்கிழங்கு வறுவலை நசுக்கிப் பிசைந்து, பொண்ணுக்குப் பிடிக்கும் என்று நெய்யைக் கொஞ்சம் கூடக் கேட்டு ஊற்றிக்கொண்டு போனாள். அதற்குள் பக்கத்தில் இருந்த ஆபீஸ் தோழி சப்பாத்தியைப் பிய்த்து "ஆ காட்டு" என்றாள். பொண்ணு வாயைத் திறந்தாள். எல்லாரும் வீடியோ எடுத்தார்கள். பிசைந்த கையோடு நின்றவள் தட்டைக் கணப்படுப்பு மேடைமேல் வைத்துவிட்டு, "கை கழுவிட்டு வரேன்" என்று போனாள். திரும்பி வரவில்லை. மறுநாள் காலை அந்தத் தட்டை நான்தான் கழுவினேன். நெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

பொண்ணின் மேல் தப்பே இல்லை. அவளுக்குப் பசி. அதனால்தான் முன்கூட்டியே பிரித்துவிடுங்கள் என்கிறேன். மெஹந்தியை வெயில் இருக்கும்போதே, மூன்று மணிக்கு ஆரம்பியுங்கள். ஊட்டுவது ஒருத்தி. முடியை ஒதுக்கிவிடுவதும், அம்மா போன் செய்தால் காதில் பிடிப்பதும், பாத்ரூமுக்குக் கூடப் போவதும் இன்னொருத்தி. எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் பஞ்சில் தொட்டு ஒற்றுவது மூன்றாவது ஆள். இதை விளையாட்டாகச் சொல்லாமல், ஒவ்வொருத்தியிடமும் "இது நீதான் செய்யணும்னு அவளுக்கு ஆசை" என்று சொல்லுங்கள். அது பொய்யாக இருக்கக்கூடாது; பொண்ணிடம் கேட்டுத்தான் பிரிக்கவேண்டும்.

நலங்கும் விளையாட்டும்

தோழிகளே நலங்கு வைக்கிற வழக்கம் இப்போது வந்திருக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும் கல்யாணமானவள் முன்னால் வருவாள், விவாகரத்து ஆனவள் தானாகவே கதவோரம் போய் நின்றுகொள்வாள். யாரும் போகச் சொல்லியிருக்கமாட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி அவள் காலுக்குப் பழகிவிட்டது. திடீரென்று எல்லார் முன்னாலும் "நீதான் முதல்ல வைக்கணும்" என்று இழுத்து வராதீர்கள். அது அவளை இன்னும் கூசவைக்கும். முந்தின நாளே பொண்ணு தனியாகக் கூப்பிட்டு, "என் கன்னத்துல முதல் சந்தனம் உன் கையால வேணும், வைப்பியா?" என்று கேட்கட்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். அப்படிக் கேட்டு, சரி என்று சொன்ன ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். சந்தனம் வைக்கும்போது அவள் கை நடுங்கியது. பொண்ணு அந்தக் கையை அப்படியே கன்னத்தோடு பிடித்துக்கொண்டாள்.

"அடுத்தது நீதான்" என்ற வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது என்று குரூப்பிலேயே போட்டுவிடுங்கள். "எப்போ நல்ல சேதி?" என்பதும் அப்படியே. பழைய காதலை, பழைய ரகசியத்தைச் சொல்லவைக்கிற விளையாட்டு எதுவும் வேண்டாம். பதிலுக்கு, பொண்ணைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு சம்பவத்தை ஆளுக்கொன்று சொல்லலாம்.

அப்படியும் ஒருத்தி முகம் வாடினால்

எல்லாரையும் உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். "ஏன்டி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்று கேட்காதீர்கள். அன்றைக்கு ராத்திரி ஒரு டம்ளர் சுக்குக் காபியைக் கொடுத்து, "நீ உள்ள போனதை நான் பாத்தேன். இப்ப எதுவும் சொல்லணும்னு இல்ல. காலைல ஏரிக்குப் போலாமா?" என்று மட்டும் சொல்லுங்கள்.

1863-ல் வெரி லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் அமைத்த ஏரி அது. சுற்றிவர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மெதுவாக நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். ஆறரை மணிக்கே போய்விட்டால் சைக்கிளும் குதிரையும் கூட்டமும் இருக்காது, தண்ணீர்மேல் பனி மட்டும் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டாம். முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாததை அப்போது சொல்லமுடியும். முதல் பாதி பேசாமலே போனாலும் போகட்டும்.

அந்த ரசம் சாதத் தட்டின் விஷயத்தைக் கூட்டிவந்த பொண்ணிடம் நான்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கல்யாணப்பொண்ணையும் பள்ளித் தோழியையும் மட்டும் ஏரியில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து இருவரும் ஆளுக்கொரு வேகவைத்த சோளக்கதிரோடு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. பொண்ணின் மூக்கு சிவந்திருந்தது. "அக்கா, ரசம் சாதம் இருக்கா?" என்று கேட்டாள். காலை ஒன்பது மணி. வடித்துக் கொடுத்தேன்.

இறங்கும் முன்

போட்டோக்களை எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, யாருக்கு எது வேண்டாம் என்று கேட்டபிறகுதான் யாரும் ஸ்டேட்டஸ் போடவேண்டும். ஒருத்தி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட படத்தை எடுத்துவிடுங்கள். கணக்கை எழுதி, யாருக்கு எவ்வளவு திரும்ப வரவேண்டுமோ அதைக் கூகுள் பேயில் அங்கேயே அனுப்பிவிடுங்கள். பெருமாள்மலை தாண்டினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், வத்தலக்குண்டு வந்தால் ஆளுக்கொரு பஸ். எங்கள் வீட்டு முற்றத்தில் சிக்னல் வரும், கொய்யாமரத்துப் பக்கம் நின்றால் நன்றாக வரும்.