மடக்கு சைக்கிளுக்கு சீட் வாங்கும் முன் ஓர் அட்டைப்பெட்டி தேடுங்கள்

மூன்று வருடமாக என்னோடு ஒரு மடக்கு சைக்கிளும் ரயில் ஏறுகிறது. காலையில் வீட்டிலிருந்து சோமனூர் ஸ்டேஷனுக்கு 3 கி.மீ. மிதிப்பேன். பிளாட்பாரத்தில் மடக்கி, பாசஞ்சரில் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, திருப்பூரில் இறங்கி விரிப்பேன். அங்கிருந்து அனுப்பர்பாளையம் பக்கம் இருக்கும் பனியன் கம்பெனிக்கு இன்னும் நாலைந்து கி.மீ. சாயங்காலம் இதே கதை தலைகீழாக. தூரம் பெரிதில்லை. ஆனால் முதல் ஆறு மாதம் மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டேன். காரணம், சீட்.

வலித்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். 350 ரூபாய்க்கு ஜெல் கவர் வாங்கி மாட்டினேன். "மெத்துனு இருந்தா வலிக்காதுங்க்கா" என்றார் கடைக்காரத் தம்பி. இரண்டு நாள் சொர்க்கம். இரண்டாவது வாரம் வலி போய் மரத்துப்போக ஆரம்பித்தது, அது வலியைவிட மோசம். சரி, இன்னும் பெரிதாகப் போவோம் என்று ஸ்பிரிங் வைத்த அகலமான சீட் ஒன்றை மாட்டினேன். தொடை இரண்டும் உரசிச் சிவந்தன. மடக்கினால் ஹேண்டில்பாரில் இடித்தது. ஒரு நாள் ரயிலில் ஓர் அம்மாவின் சேலை முந்தானை ஸ்பிரிங்கில் மாட்டிக்கொண்டது. வஞ்சிபாளையத்திலேயே இறங்க வேண்டியவர் அவர். நான் சேலையை விடுவிப்பதற்குள் வண்டி நகர ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்குத்தான் உறைத்தது. இருபது வருடமாகக் கழுத்தில் இன்ச் டேப் போட்டுக்கொண்டு அடுத்தவர் சட்டையை அளக்கிறவள் நான். கம்பெனியில் அளவு பார்க்காமல் ஒரு பீஸைக்கூடப் பாஸ் பண்ண மாட்டேன். என் சீட்டை மட்டும் அழுத்திப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

பஞ்சு மெத்தையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் ஊர்க்கதை பேச முடியும்? இரண்டு மணி நேரப் பேச்செல்லாம் திண்ணையில்தான் நடக்கும். உட்காரும்போது நம் பாரத்தைத் தாங்குவதற்கென்றே இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. கெட்டியான சீட்டில் அந்த இரண்டும் நேராகப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ரொம்ப மெத்தென்று இருந்தால் முனைகள் உள்ளே புதைந்து, நடுவில் இருக்கும் ஜெல் மேலே பிதுங்கும். எந்த இடத்தில் பாரமே விழக் கூடாதோ அங்கே அழுத்தும். மரத்துப்போவது அதனால்தான், ஆணுக்கும் பெண்ணுக்கும்.

ஆக முதல் வேலை, அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்வது. நம் ஊரில் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமா? உள்ளே அலை அலையாக மடிப்பு இருக்கும் அட்டைதான் வேண்டும். ஆனால் ஏழு மடிப்புக் கெட்டி அட்டை வேண்டாம், அதில் எதுவும் பதியாது. மெல்லிசான மூன்று மடிப்பு அட்டையில் ஒன்றரை அடிக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். சிமெண்டுப் படியிலோ மர ஸ்டூலிலோ வையுங்கள், மெத்தை நாற்காலி ஆகாது. மெல்லிய துணி உடுத்தி அதன்மேல் உட்காருங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி பாதத்துக்கு அடியில் ஒரு பலகை கொடுங்கள். சைக்கிள் ஓட்டும்போது எவ்வளவு குனிவீர்களோ அவ்வளவு குனிந்து, ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் தெரியும். தெரியாவிட்டால் டெய்லர் சாக்கைப் படுக்கை வாட்டில் தேய்த்தால், பள்ளத்தில் மட்டும் வெள்ளை ஒட்டாது. ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு அளவு எடுங்கள். மூன்று முறை எடுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ.க்குள் வரும். எனக்கு 13. என் வீட்டுக்காரர் என்னைவிட ஒரு சுற்றுப் பெரிய ஆள், அவருக்கு 11 தான் வந்தது. சராசரியாகப் பெண்களுக்கு இந்த அளவு கொஞ்சம் அதிகம் என்பது உண்மைதான். அதற்காக, ஆளைப் பார்த்தோ 'லேடீஸ் சீட்' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்தோ வாங்காதீர்கள்.

சீட்டின் ஓரம் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும், அங்கே எலும்பு நிற்காது. அதனால் வந்த அளவோடு கொஞ்சம் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பது நீங்கள் உட்காரும் விதத்தைப் பொறுத்தது. ரேஸ் சைக்கிள் மாதிரி நன்றாகக் கவிழ்ந்து ஓட்டினால் 1 செ.மீ. போதும். லேசாகச் சாய்ந்தால் 2. நிமிர்ந்து ஓட்டினால் 3, அல்லது இன்னும் சற்று அதிகம். மடக்கு சைக்கிள் ஓட்டும் நம்மில் பலர் நிமிர்ந்துதான் உட்காருகிறோம். ஆனால் எல்லாரும் இல்லை. கோவையில் சித்தி மகன் பிராம்ப்டன் என்ற இங்கிலாந்து கம்பெனியின் மடக்கு சைக்கிள் வைத்திருக்கிறான். அவனுடையது தாழ்ந்த எஸ் ஹேண்டில். அதே வண்டியில் உயரமான எச் ஹேண்டில் வைத்திருப்பவருக்குப் பொருந்தும் சீட் அவனுக்கு அகலமாகத் தெரியும்.

என் கணக்கு 13 கூட்டல் 3, ஆக 16 செ.மீ. சைக்கிளோடு வந்த சீட்டை அளந்தேன், 14. ஸ்பிரிங் சீட் 23! ஒன்று பத்தவில்லை, இன்னொன்று தொடையை அறுத்தது. என் வேதனை முழுவதையும் டேப் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டது.

கடைக்குப் போகும்போது டேப்பை எடுத்துப் போங்கள். சீட்டின் பின்பக்கம் அகலமான இடத்தில் ஓரத்துக்கு ஓரம் வையுங்கள். அப்புறம் கட்டை விரலால் அழுத்துங்கள்: கொஞ்சம் அமுங்கி எதிர்த்து நிற்க வேண்டும், விரல் புதையக் கூடாது. நடுவில் பள்ளமோ துவாரமோ இருப்பது பலருக்கு நல்லது. ஆனால் துவாரத்தின் ஓரம் கூராக இருந்தால் அதுவே அறுக்கும், விரலால் தடவிப் பாருங்கள். மூக்கு, அதாவது சீட்டின் முன்பகுதி, ஒல்லியாக இருக்கட்டும். சுடிதார் போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூக்கு நீளமாக, தடித்து இருந்தால் சிக்னலில் இறங்கும்போது டாப்ஸின் முன்மடிப்பு அதில் மாட்டும். புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே, எனக்கு மாட்டியிருக்கிறது.

சாதாரண சைக்கிள்காரர்களுக்கு இல்லாத கவலைகள் நமக்குச் சில உண்டு. சீட் கம்பியை, அதாவது சீட்டைத் தாங்கி நிற்கும் குழாயை, முழுக்க இறக்கினால்தான் பெரும்பாலான மடக்கு சைக்கிள்கள் அடக்கமாகும். பிராம்ப்டனில் கம்பி இறங்கினால்தான் மடிப்பே பூட்டும். எனவே சீட்டின் உயரமும், அதாவது அடிக்கம்பியிலிருந்து மேல்தோல் வரைக்கும் உள்ள கனமும், முக்கியம். ஸ்பிரிங் வைத்தது இறங்கும்போது பின் கேரியரிலோ மட்காடிலோ முட்டும். கடையிலேயே மாட்டி, மடக்கி, தூக்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பலர் சீட்டைப் பிடித்துத்தான் வண்டியைத் தூக்குகிறோம். மூக்கின் அடியில் விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிராம்ப்டனோடு வரும் சீட்டில் அதற்கென்றே அடியில் விரல் பிடிப்பு வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, பொருத்தும் விதம். இப்போதைய சீட்டுகளின் அடியில் 7 மி.மீ. கனத்தில் இரண்டு கம்பிகள் நீளவாக்கில் ஓடும், கிளாம்ப் அவற்றைக் கவ்வும். நம் பழைய கறுப்பு சைக்கிள் சீட் தன் கிளாம்பைத் தானே கொண்டுவரும். அது மெல்லிய குழாயைப் பிடிக்கிற கிளாம்ப், நம் வண்டியில் அப்படியே உட்காராது. சிலர் சீட்டை விட்டுவிட்டு, ஸ்பிரிங் வைத்த சீட் கம்பி மாற்றலாமா என்று கேட்பார்கள். சாதாரண சைக்கிளில் 27.2 மி.மீ. கம்பி அதிகம். பிராம்ப்டனில் 31.8, டாஹோன், டெர்ன் கம்பெனிகளின் மடக்கு வண்டிகள் பலவற்றில் 34 மி.மீ.க்குக் கொஞ்சம்தான் குறைவு. நீளமும் வேறு. ஊரில் தேடிக் கிடைப்பது கஷ்டம்.

லெதர் சீட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: என் அப்பா விசைத்தறிக்கு நூல் மூட்டை ஏற்றிப்போன சைக்கிளில் அதுதான் இருந்தது. கயித்துக் கட்டில் மாதிரி வேலை செய்யும். முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தோல், பாரம் விழும் இடத்தில் மெல்ல மெல்லக் குழிந்து உங்கள் அளவுக்கு வந்துவிடும். 1866-இல் தொடங்கிய இங்கிலாந்தின் புரூக்ஸ் கம்பெனி பி17 என்ற சீட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இன்றுவரை செய்துகொண்டிருக்கிறது. ஆசைதான் எனக்கும். ஆனால் ஐப்பசி மழையில் ஊறினால் தோல் தொய்ந்துவிடும். நனையாமல் காப்பாற்ற வேண்டும், அவ்வப்போது மெழுகு தடவ வேண்டும். மழையிலும் ஸ்டேஷனுக்கு ஓடும் வண்டிக்கு அது சரிப்படாது. வெறுமனே மேல்தோல் ஒட்டிய சாதாரண சீட்டையே நான் எடுத்தேன்.

நல்ல சீட்டையும் தப்பாக மாட்டினால் வலிக்கும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், அதுதான் உயரம். அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். உயரம் குறைந்தால் பாரம் முழுக்கச் சீட்டில் விழும், காலுக்குப் பங்கே இருக்காது. மடக்கு சைக்கிளில் இந்த உயரம் தினமும் தொலைந்துபோகும். சரியான இடத்தில் கம்பியில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிட்டேன். கம்பியில் கம்பெனிக்காரர்களே போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும்படி மட்டும் உயர்த்தாதீர்கள், கம்பியோ பிரேமோ உடையும்.

சீட் மட்டமாக இருக்கட்டும். மேலே ஓர் அடி ஸ்கேலை நீளவாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். மூக்கு தூக்கியிருந்தால் முன்னால் அழுத்தும். தாழ்ந்திருந்தால் சறுக்கிச் சறுக்கி முன்னால் போவோம், பாரம் மணிக்கட்டுக்கு வரும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், அதுவும் இம்மியளவு. மாற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள்.

டயரில் காற்றையும் பாருங்கள். 16, 20 இன்ச் சக்கரம் ஒவ்வொரு குழியிலும் ஆழமாக இறங்கும். என் டயரின் பக்கவாட்டில் 40 முதல் 65 பவுண்டு என்று போட்டிருக்கிறது. பஞ்சர் கடையில் கல்லு மாதிரி அடித்துத் தருவார்கள். நான் 50-இல் நிறுத்தச் சொல்கிறேன். பாதி வலி அங்கேயே போனது என்றுகூடச் சொல்வேன்.

என் தொழிலைத் தொட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பேண்ட்டில் நாலு தையல் கூடும் இடம் சரியாகச் சீட்டின் மேல்தான் வருகிறது. ஓவர்லாக் அடித்த கனமான மடிப்பு அங்கே இருந்தால் எந்தச் சீட்டாலும் காப்பாற்ற முடியாது. உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஃபிளாட்லாக் அடித்து மட்டமாக இருப்பதையோ, அந்த இடத்தில் சிறு சதுரத் துணி வைத்துத் தைத்ததையோ எடுங்கள்.

புதுச் சீட்டில் முதல் ஒரு வாரம், பத்து நாள் எலும்பில் வலி இருக்கலாம், பழகிவிடும். மரத்துப்போனாலோ ஊசி குத்தினாலோ பழகக் காத்திருக்க வேண்டாம். முதலில் சாய்வைச் சரிபாருங்கள், அதற்கும் போகாவிட்டால் சீட்டை மாற்றுங்கள். கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்னாலேயே கேட்டு, கவரைக் கிழிக்காமல் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். முதல் வாரம் முடிந்ததும் ஆலன் சாவியால் கிளாம்ப் போல்ட்டை ஒரு முறை இறுக்கிவிடுங்கள், புதுசு கொஞ்சம் தளரும்.

ஜெல் கவர் வீணாகவில்லை. "இதெங்க வாங்குன அம்மிணி, நல்லாருக்குதே" என்று மாமா தன் மொபெட்டில் மாட்டிக்கொண்டார்.