டெக்சாஸில் ஃபெலனி திருட்டு வழக்கு: எங்கே சறுக்குகிறார்கள்?

டெக்சாஸில் திருட்டின் மதிப்பு 2,500 டாலரைத் தொட்டால் அது ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். 30,000 டாலருக்குக் கீழே என்றால் ‘ஸ்டேட் ஜெயில் ஃபெலனி’. 180 நாள் முதல் 2 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். உடனே ஜூரி, குறுக்கு விசாரணை என்று மனசு ஓடும். ஆனால் மாநில நீதிமன்றங்களில் தண்டனைக்குள்ளாகிறவர்களில் 94 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012 தீர்ப்பு ஒன்றில் சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் வழக்கு முடிவது பேரத்தில்தான், அதாவது அரசுத் தரப்போடு பேசி, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்வதில்.

“சின்னச் சின்னத் தொகைதானே” என்பது முதல் தப்புக்கணக்கு. கல்லாவில் நிற்பவர் பொய்யாக ரீஃபண்ட் போட்டு 150 டாலர் வீதம் இருபது தடவை எடுத்தால், ஒரே திட்டமாக நடந்தது என்று மொத்தத்தையும் கூட்டி 3,000 டாலராக்கலாம். முன்பே இரண்டு முறை திருட்டுக்குத் தண்டனை பெற்றவருக்கோ தொகை குறைவாக இருந்தாலும் ஃபெலனிதான்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் கேஸை வாபஸ் வாங்கிவிடுவார் என்று நம்புவது அடுத்தது. வழக்கு நடத்துவது மாநிலம். விடுவதா வேண்டாமா என்பது அரசுத் தரப்பு வக்கீலான மாவட்ட அட்டர்னி கையில். நஷ்டத்தைக் கட்டுவது பேரத்தில் உதவும், ஆனால் வக்கீல் வழியாகக் கட்டுங்கள். நேராகக் கடைக்கு வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டால் அதையே சாட்சியமாக நீட்டுவார்கள்.

ஜாமீனில் வந்தபின் வாய்தாவுக்குப் போகாமல் இருப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. ஃபெலனி வழக்கில் தகுந்த காரணமின்றி ஆஜராகாதது தனிக் குற்றம். அதற்கு 2 முதல் 10 ஆண்டு. மூல வழக்கைவிடப் பெரிது!

இனி பேரம். ‘டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்’ என்று ஒன்று தருவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது மறுக்காமல் இருக்க வேண்டும். நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் விடுவார். ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. அமெரிக்கக் குடிமக்களுக்கு நல்ல வழிதான். ஆனால் ஹெச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா, ஏன், கிரீன் கார்டில் இருப்பவருக்குக்கூட இது பொறி. குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் இதுவும் தண்டனைத் தீர்ப்பே. வாக்குமூலம் வாங்காமல், விசாரணைக்கு முன்பே நிபந்தனைகளோடு வழக்கை ஒதுக்கிவைக்கும் ‘ப்ரீ-ட்ரையல் டைவர்ஷன்’ கிடைக்குமா என்று முதலில் கேட்க வேண்டும். எல்லா கவுண்டியிலும் (மாவட்டத்திலும்), எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

‘பன்னிரண்டு நாற்பத்து நாலு’ என்ற பேச்சும் அடிபடும். தண்டனைச் சட்டத்தின் 12.44 பிரிவு அது. இதன் ‘ஏ’ உட்பிரிவில் தண்டனை மட்டும் சிறு குற்றத்துக்கு உரியதாகக் குறையும், பதிவேட்டில் ஃபெலனி அப்படியே நிற்கும். ‘பி’யில்தான் குற்றமே மிஸ்டிமீனராக, அதாவது சிறு குற்றமாக இறங்கும். அவசரத்தில் எந்த உட்பிரிவு என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு.

நாள் கணக்கையும் பாருங்கள். திருட்டுக்கு ஓராண்டு சிறை என்று எழுதி, அதை நிறுத்தி வைத்து ஒருநாள்கூட உள்ளே போகாவிட்டாலும், குடிவரவுச் சட்டம் அதை நாட்டை விட்டு அனுப்பக்கூடிய மோசமான குற்ற வகையில் சேர்க்கும். 364 நாள் என்றால் அந்த வகையில் சேராது. நாட்டை விட்டு அனுப்ப வேறு பிரிவுகள் இருக்கின்றன என்பது தனிக் கதை. வக்கீல் இந்த ஆபத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு அவரிடம் உங்கள் விசா நிலையை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.