பெரிய மீனுக்கு ராடு, ரீல், நரம்பு: நாம் செய்கிற தவறுகள்

மழை நன்றாகப் பெய்து ஏரிகள் நிரம்பினால் போதும், காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ராடோடு நிற்கிறவர்களை எண்ண முடியாது. பெரிய கட்லா மாட்டுவது அரிதல்ல, மாட்டியது கரைக்கு வருவதுதான் அரிது. கடையில் விலையைப் பார்த்து ராடு வாங்குகிறோம், தடிமனைப் பார்த்து நரம்பு (தூண்டில் இழை) வாங்குகிறோம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை.

நானும் அப்படித்தான் ஒரு கட்லாவை விட்டேன். 20 பவுண்டு நைலான் நரம்பு, ஏறக்குறைய 9 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டியது. மீன் ஐந்து கிலோவுக்கு மேல் இருக்காது. முதல் ஓட்டத்திலேயே போய்விட்டது. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர், "அந்த முனையைக் காட்டு தம்பி" என்றார். பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. "நரம்பு அறல, முடிச்சு உருவிக்கிச்சு."

அன்றிலிருந்து நரம்பு போனால் முதலில் முனையைத்தான் பார்க்கிறேன். சுருண்டிருந்தால் முடிச்சில் கோளாறு. சொரசொரவென்று வெளுத்திருந்தால் கல்லிலோ தண்ணீருக்குள் கிடக்கிற கருவேல மரத்திலோ உரசியிருக்கிறது. முடிச்சை எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் உரசல் சூட்டில் நைலான் அங்கேயே பலம் இழந்துவிடும்.

அடுத்த தவறு டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு எளிதாக வெளியே போகலாம் என்று ரீலில் திருகி வைக்கிற பிடி. மீன் ஓடிவிடுமோ என்ற பயத்தில் அதை முழுக்க இறுக்கிவிடுகிறோம். மீன் ஓடத்தான் வேண்டும், ஓடித்தான் களைக்கும். நரம்பின் தாங்கு திறனில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு இழுப்பிலேயே டிராக் நழுவ வேண்டும். 9 கிலோ நரம்பென்றால் இரண்டேகால் கிலோவில் தொடங்கலாம். கையால் இழுத்துப் பார்த்து ஊகிக்காதீர்கள். கொக்கித் தராசை நரம்பு முனையில் மாட்டி, ராடு வளைந்த நிலையில் இழுத்துப் பாருங்கள். இன்னொன்று, டிராக் நழுவும்போது ரீலின் கைப்பிடியைச் சுற்றவே கூடாது. ஸ்பின்னிங் ரீலில் அப்படிச் சுற்றினால் நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு ஒல்லி, பலம் அதிகம், அதனால் எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். பாசிக்கும் தாமரைக்கும் நடுவே விரால் பிடிக்க அது சரி. ஆனால் கரையின் கல்கட்டில் உரசினால் நொடியில் போய்விடும், முனையில் இரண்டு மீட்டர் தடித்த நைலான் சேர்த்துக் கட்டுங்கள். ரீலில் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூல் வழுவழுப்பானது, நேராக அதில் சுற்றினால் பிரெய்டு மொத்தமாக வழுக்கும். அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிக்கொண்டால் பிடித்துக்கொள்ளும். கட்லாவுக்கு நான் நைலானையே போடுவேன். அது கொஞ்சம் நீளும். மிருதுவான வாயில் மாட்டிய தூண்டில் முள் கிழித்துக்கொண்டு வராமல் இருப்பதற்கு அந்த நெகிழ்வு உதவுகிறது.

ராடில் கைப்பிடிக்கு மேலே எத்தனை பவுண்டு நரம்புக்கு என்று அச்சிட்டிருக்கும். 8 முதல் 15 என்று போட்ட ராடில் 40 பவுண்டு நரம்பைச் சுற்றினால் முதலில் உடைவது ராடுதான். மீன் கரைக்கு வந்ததும் ராடைச் செங்குத்தாகத் தூக்குகிறவர்கள் நுனியை ஒடித்துக்கொள்கிறார்கள். கைவலையால் எடுங்கள். ரீலில் 4000 முதல் 6000 வரை அளவு எண் போட்டது போதும், ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நரம்பு நிரம்பியிருக்க வேண்டும்.

கரையோரம் மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வீசுங்கள். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். ஏரியைக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெட்டிப்போட்ட நரம்பைச் சுருட்டிப் பையில் வையுங்கள், கொக்கின் காலில் சிக்கினால் அது பிழைக்காது.

அப்புறம், நம் ஊர் வெயில். பைக்கிலேயே கட்டிவைத்த ராடில் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துகொண்டே இருக்கும். வீசுவதற்கு முன் கடைசி இரண்டு மீட்டரை நகத்துக்கும் விரலுக்கும் நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். எங்காவது தட்டினால் அந்த இடத்துக்கு மேலே வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள்.