கழிவு மீனில் டிராகனெட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்துச் சின்னமுட்டத்தில் விசைப்படகு கரை சேர்ந்ததும் இறாலும் கணவாயும் முதலில் கூடைக்குப் போய்விடும். மிச்சம் கிடக்கும் கழிவு மீன் குவியலில்தான் நமக்கு வேலை. அதில் தேடுவது டிராகனெட், கடலடி மணலில் வாழும் ஒரு சின்ன மீன். விரல் நீளம், மணல் நிறம், மேலிருந்து அமுக்கினாற்போல் தட்டையான முக்கோணத் தலை. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள். "இத வச்சு என்ன செய்யப் போற மக்ளே, கொழம்புக்கும் ஆவாதே" என்று மீன் பிரிக்கும் அக்கா கேட்பார். கேட்கட்டும்.

கிளம்பும் முன் தேதியைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

வெள்ளைத் தட்டு, கொஞ்சம் கடல் தண்ணீர், ஸ்கேல், பூதக்கண்ணாடி, குண்டூசி, தெர்மாகோல் துண்டு. இவ்வளவு போதும்.

முதலில், மீனைக் கழுவி வயிறு கீழே இருக்கும்படி தட்டில் வையுங்கள். நான் முதல் தடவை அயிலையைப் படம் பிடிப்பதுபோல் பக்கவாட்டில் இருபது படம் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் உளுவையா டிராகனெட்டா என்று ஒன்றிலும் தெரியவில்லை. முக்கிய அடையாளம் செவுள்தான். மற்ற மீன்களுக்குக் கன்னத்தோரம் நீளமாகப் பிளந்திருக்கும். இதற்குப் பிடரியருகே இரண்டு சின்ன ஓட்டைகள், அவ்வளவே. மணலில் புதைந்து கிடக்கிற மீனுக்கு அது மேலே இருப்பதுதான் தோது.

அடுத்து, வாலிலிருந்து தலைப்பக்கமாக நகத்தால் வருடுங்கள். செதில் தட்டுப்பட்டால் அது வேறு மீன்.

மூன்றாவது, கன்ன முள், அதாவது கன்னத்தின் பின்னோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முள். இங்கே அவசரம் கூடாது. ஊசிமுனையால் தோலை மெல்ல விலக்கி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். நுனி மேல்நோக்கி வளைந்திருக்கிறதா? உள்விளிம்பில் எத்தனை பல்? அடியில் முன்னோக்கிய குட்டி முள் உண்டா? இனங்களைப் பிரிக்க நிறம் உதவாது, அது சீக்கிரம் மங்கிவிடும். இந்த முள்தான் பேசும். ஸ்கேலை ஒட்டி வைத்து ஒரு படம் எடுங்கள்.

பிறகு மீனைத் தெர்மாகோலில் வைத்து, முதல் முதுகுத் துடுப்பைக் குண்டூசியால் விரித்து நிறுத்துங்கள். பல இனங்களில் ஆணுக்கு அது நூல்நூலாக நீண்டிருக்கும். ஆணின் வாலும் நீளக்கூடும் என்பதால், மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடிவரை மட்டும் அளக்க வேண்டும்.

விலங்கியலாளர் பல்லாஸ் 1770இல் பெயரிட்ட கலியோனிமஸ் சாஜிட்டா இந்தியப் பெருங்கடலில் உள்ள சின்ன டிராகனெட் இனம். சுமார் 11 செ.மீ. தாண்டாது. சாஜிட்டா என்றால் லத்தீனில் அம்பு. மேலிருந்து பார்த்தால் பெயர் பொருந்தும், ஆனால் முள்ளை எண்ணாமல் அந்தப் பெயரை எழுதிவிடாதீர்கள்.

வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பதென்றால் மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.