வேடந்தாங்கலுக்கு எப்போது போகலாம்?

பலரும் நவம்பரிலேயே கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, கூடுகளில் குஞ்சுகள் கத்தும் காலம் அது. மழை பொய்த்த வருஷம் பறவைகளும் குறைவாகத்தான் வரும். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

மாலை நாலு மணிக்குக் கரையில் இருங்கள். இரை தேடப் போனவை கூட்டங்கூட்டமாகத் திரும்பும் நேரம். உச்சிவெயிலில் போனால் பாதிக் காட்சி கிடைக்காது. பைனாகுலர் அவசியம். நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரியும், பாருங்கள்! கரண்டிவாயன் அலகைத் தண்ணீரில் பக்கவாட்டில் வீசிவீசி மேய்வதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். கை தட்டிப் பறக்கவிடவே கூடாது. தாய்ப்பறவை எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் காயும், காகம் கொத்திப் போகும்.

எச்சம் கலந்த அந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். அதனால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக இந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். நேரமிருந்தால் பக்கத்திலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே கூட்டம் குறைவு.